மாயக் கதை படிக்கும் பிள்ளை: எப்போது கவலைப்பட வேண்டும்?

பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர் நான். என் மேசைமேல் அடிக்கடி ஒரு தடிமனான ஆங்கில நாவல் வந்து விழும். கொண்டுவருவது அம்மாவோ அப்பாவோ. அட்டையில் கூர்த்தொப்பி வைத்த பெண் இருப்பாள், இல்லையென்றால் நடுவில் கிழிந்த வானம் இருக்கும். "எப்பப் பாரு இதுதான் டாக்டர். சூனியக்காரி, வேற உலகம்னு. படிப்புல கவனமே இல்லை. ராத்திரி தனியாப் பேசிக்கிறா. நீங்களே பாருங்க" என்பார்கள். பிள்ளை பக்கத்து நாற்காலியில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என் பதில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். புத்தகத்தால் படிப்பு கெட்டதாக நான் பார்த்தது மிகக் குறைவு. வேறு ஏதோ நடந்து மனசு சரியில்லாமல் போன பிறகுதான் பிள்ளை புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்தக் கதைகளை ஒட்டி இணையத்தில் வேறொரு சமாச்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி. அது பெற்றோர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் கதைகள். பழைய கதைகளில் சூனியக்காரி என்றால் கிழவி. கடைசியில் அடுப்பிலோ நெருப்பிலோ போய்ச் சேருவாள். இப்போது பதின்பருவத்தினருக்கு எழுதும் கதைகளில் அவளுக்கு வயது பதின்மூன்று, பதினான்கு. உடம்பில் என்னவோ மாறுகிறது. கோபம் வந்தால் எதிரில் இருக்கும் கண்ணாடி உடைகிறது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தன் உடம்பும் கோபமும் தன் பேச்சைக் கேட்காத வயதில் இருக்கும் பெண்ணுக்கு, அதையே ஒரு சக்தி என்று சொல்லும் கதை பிடிக்காமல் என்ன செய்யும்?

"சூனியம் கத்துக்குவாளோ" என்ற பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலில் முதலிடம் ஹாரி பாட்டருக்குத்தான். நம் நாட்டில் சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமை இன்னும் இருக்கிறது. அதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டங்களில் கல்லெடுத்தவர்கள் யாரும் நாவல் படித்துக் கெட்டுப்போனவர்கள் இல்லை.

என்னிடம் வரும் பிள்ளைகள் சிலர் ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' மூன்று நூல்களையும் கரைத்துக் குடித்திருப்பார்கள். 1995இல் தொடங்கி 2000இல் முடிந்த வரிசை. அதில் லைரா என்ற பெண்ணின் உலகத்தில் ஒவ்வொருவருடைய ஆன்மாவும் ஒரு விலங்காக, உடம்புக்கு வெளியே கூடவே நடமாடும். சிறு பிள்ளைகளின் விலங்கு நினைத்த நேரத்தில் உருமாறும். அந்துப்பூச்சியாகும், எலியாகும், காட்டுப்பூனையாகும். வளர்ந்து ஆளானதும் ஏதோ ஓர் உருவத்தில் நின்றுவிடும். தான் யார் என்பது இன்னும் முடிவாகாத பருவத்தைப் பற்றி நாங்கள் பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தது இதற்குள் இருக்கிறது. அதனால் நானும் கடன் வாங்கிக்கொள்கிறேன். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் "ம், ஓகே" என்பதோடு முடித்துவிடும் பிள்ளைகள், "உன் விலங்கு இப்ப என்ன உருவத்துல இருக்கு?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "முள்ளம்பன்றி. சுருண்டுக்கிட்டு" என்றான் ஒரு பையன்.

அந்தப் பையன் இரண்டாம் நூலை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த நூலில் வரும் வில் என்ற சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு மனநோய், இல்லாத எதிரிகள் துரத்துவதாகப் பயப்படுகிறார். வெளியே தெரிந்தால் அம்மாவிடமிருந்து தன்னைப் பிரித்துவிடுவார்களோ என்று வில் யாரிடமும் மூச்சு விடாமல் வீட்டைத் தானே கவனித்துக்கொள்கிறான். என்னிடம் வந்த பையனின் வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமை. அம்மா மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா வளைகுடாவில். பாட்டிக்கு எல்லாம் தெரியும். ஆனால் "வெளியில வாயைத் திறக்காதே" என்று சொல்லி வைத்திருந்தார். புத்தகத்தைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்தவர் மாமா. வீட்டில் நடப்பதைப் பையன் சொல்லவில்லை. "வில் பண்றதெல்லாம் நானும் பண்றேன்" என்று மட்டும் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அவன் அம்மாவுக்கு மறுபடி சிகிச்சை தொடங்க முடிந்தது. மாமா அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால், இந்த விஷயம் வெளியே வர இன்னும் எவ்வளவு நாள் ஆகியிருக்குமோ.

சரி, கவலைப்பட வேண்டியதற்கு வருகிறேன்.

அதன் பெயர் 'ரியாலிட்டி ஷிஃப்டிங்'. 2020இல் கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது டிக்டாக்கில் பரவியது. அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் ரீல்ஸ், ஷார்ட்ஸ், ரெடிட் வழியாக இது இங்கேயும் வந்து சேர்ந்தது. இணை உலகங்கள் நிஜமாகவே இருக்கின்றன, பயிற்சி செய்தால் மனத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் நம்பிக்கை. பலரும் போக ஆசைப்படும் இடம் ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ்.

பயிற்சி இப்படி இருக்கும். இரவில் மல்லாந்து படுத்து, கை கால்களை நட்சத்திரம்போல் விரித்துக்கொண்டு, துளியும் அசையாமல் நூறு வரை எண்ண வேண்டும். நடுநடுவே 'நான் அங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே 'ஸ்கிரிப்ட்' எழுதியிருக்க வேண்டும்: அந்த உலகத்தில் என் பெயர் என்ன, முடி எப்படி இருக்கும், நண்பர்கள் யார் யார், திரும்பி வர எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். நீ அங்கே போய்விட்டால் இங்கே ஸ்கூலுக்கு யார் போவது என்று கேட்டால், "என் குளோன் போகும் டாக்டர்" என்று பதில் வரும். தன்னைப் போலவே ஒரு நகல் இங்கே இருக்கும் என்று அர்த்தம்.

ஒரு பெண் தன் ஸ்கிரிப்டைப் போனில் திறந்து என்னிடம் நீட்டினாள். ஒன்பதாம் வகுப்பு. அரண்மனை, உடை, தோழிகள் என்று நீளமாகப் போனது. இடையில் ஒரு வரி: 'டைனிங் ஹால்ல எனக்குன்னு ஒரு இடம் எப்பவும் காலியா வச்சிருப்பாங்க.' அப்பாவுக்கு மாற்றலாகி, அவள் நடுவருடத்தில் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் பிள்ளை இப்படி எதையாவது எழுதி வைத்திருந்தால், திருட்டுத்தனமாக எடுத்துப் படிக்காதீர்கள். காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால், பிள்ளைக்கு இங்கே என்ன கிடைக்கவில்லை என்பது வரிவரியாக அதில் இருக்கும்.

நிஜமாகவே போனதாகச் சில பிள்ளைகள் சொல்வார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையில் உருவங்களும் குரல்களும் நிஜம்போலவே தோன்றும். கனவு என்று தெரிந்தே காணும் கனவும் உண்டு. அசையாமல் படுத்து மனத்தை மட்டும் விழித்திருக்கச் செய்தால் இவை சுலபமாக வரும். கூடவே இன்னொன்றும் வரும். கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருந்தும் கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். பிள்ளை அலறிக்கொண்டு எழும், வீட்டில் இருப்பவர்கள் கயிறு மந்திரிக்கக் கிளம்புவார்கள். கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று யாராவது பிள்ளையை அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பி வந்துவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ஆதாரத்தோடு வாதாடுவார்கள். ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர் 1957இல் முன்வைத்த பல உலகக் கொள்கையைச் சொல்வார்கள்: சாத்தியமான ஒவ்வொரு விளைவுக்கும் உலகம் ஒரு தனிக் கிளையாகப் பிரிகிறது என்பது அது. அணுவைப் போன்ற மிகச் சிறியவற்றின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் சமன்பாடுகளைப் புரிந்துகொள்ள முயலும் வழிகளில் அது ஒன்று. பிரிந்த கிளைகளுக்கிடையே ஆள் போக்குவரத்துக்கு அதில் இடமில்லை. அடுத்து 1983இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர் மனம் உடம்பை விட்டு வெளியே போக முடியும் என்று சொல்லும் தியானப் பயிற்சி ஒன்றைப் பற்றி எழுதிய அறிக்கையை எடுப்பார்கள். ராணுவக் கோப்பில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இதையெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசலாம். சிரித்துவிட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இது நோயா? பெரும்பாலும் இல்லை. கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். சொந்தமாக ஓர் உலகத்தைக் கட்டுவதும் புதிதல்ல. பின்னாளில் ஆங்கில நாவலாசிரியைகளாகப் பெயர் பெற்ற ஷார்லட், எமிலி, ஆன் இருந்த பிரான்ட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு 1826இல் அப்பா வாங்கிவந்த மரச் சிப்பாய்களிலிருந்து ராஜ்ஜியங்களே முளைத்தன. எமிலி பெரியவளான பின்பும் தன் கற்பனை நாட்டுக்கான கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தாள். நம் விக்கிரமாதித்தன் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவன்தானே! ஆனால் அவனுக்குக் காடாறு மாதம் என்றால் நாடாறு மாதமும் உண்டு. நான் கவனிப்பது அந்த நாடாறு மாதம் நடக்கிறதா என்பதை.

நடக்கவில்லை என்றால் முதலில் தூக்கத்தில் தெரியும். பதின்பருவத்தினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து பயிற்சி செய்யும் பிள்ளை வகுப்பில் தூங்கும், மதிப்பெண் குறையும், திட்டு விழும், அந்த உலகம் இன்னும் இனிக்கும். அடுத்து, போக முடியாத ஒவ்வொரு இரவும் தோல்வியாகக் கணக்கில் சேரும். "எனக்கு நம்பிக்கை பத்தலை, அதான் போக முடியலை" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள் உண்டு. பகல் கனவிலேயே மணிக்கணக்காகக் கழிந்து, குளிப்பது, சாப்பிடுவது, நண்பர்கள் எல்லாம் பின்னுக்குப் போவதும் நடக்கும். இந்த மிதமிஞ்சிய பகற்கனவுக்கு 2002இல் தனிப்பெயர் சூட்டியவர் இஸ்ரேலிய உளவியலாளர் எலி சோமர். நோய்ப் பட்டியல்களில் அது இன்னும் சேரவில்லை. அவரும் சக ஆய்வாளர்களும் 2021இல் ஷிஃப்டிங்கைப் பற்றியும் எழுதினார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள் இரண்டு. ஒன்று, தூக்கத்தோடு சம்பந்தமில்லாமல் பட்டப்பகலிலேயே குரல் கேட்பது, அம்மா அப்பாவே நிஜமானவர்கள் இல்லை, நகல்கள் என்று உறுதியாக நம்புவது, காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்படுவது. தீவிர மனநோய்கள் தலைகாட்டத் தொடங்குவதும் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். கதைப் புத்தகத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்தினால் சிகிச்சை தாமதமாகும்.

இன்னொன்று, 'நிரந்தரமாகப் போய்விடுவது' பற்றிய பேச்சு. ஷிஃப்டிங் குழுக்களில் அப்படியும் பேசுகிறார்கள். உங்கள் பிள்ளை இதைச் சொன்னால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஏங்கும் பிள்ளைகளிடம் நான் புல்மனின் மூன்றாம் நூலின் முடிவைப் பேசுவதுண்டு. (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) உலகங்களுக்கிடையே சன்னல் வெட்டும் கத்தி வில்லிடம் இருக்கிறது. ஆனால் பிறந்த உலகத்தை விட்டு வேறோர் உலகத்தில் தங்கிவிட்டால் உடம்பு சிறுகச் சிறுக நலிந்து, பத்து வருடம்போல்தான் தாங்கும். எனவே லைராவும் வில்லும், எவ்வளவு அன்பிருந்தும், அவரவர் ஊருக்குத் திரும்பிச் சன்னல்களை மூடிவிட ஒப்புக்கொள்கிறார்கள். என் அறையில் இதற்கு அழாத பிள்ளை குறைவு. நான் சொன்னால் உபதேசம். லைரா செய்தால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் எழுதிய அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து எதுவும் தரவில்லை. போன் ராத்திரி கூடத்தில் சார்ஜ் ஆக வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். அம்மா போனும் அப்பா போனும் அதே இடத்தில்தான். வகுப்பு ஆசிரியையிடம் பேசி, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்களோடு உட்கார வைத்தோம். ஸ்கிரிப்டை அழிக்கச் சொல்லவில்லை. அவளாகவே அதைக் கதையாக எழுத ஆரம்பித்தாள். கதை சுமார்தான், ஆனால் வில்லியாக வரும் கணக்கு டீச்சர் பிரமாதம்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் தாங்களாகவே 1098 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மருத்துவரிடம் வரப் பிள்ளை மறுத்தால் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். முதல் தடவை நீங்கள் மட்டும் வந்து பேசினால் போதும்.