இன்ஜின் நின்றால் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடாதீர்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அசல் தேங்காய் எண்ணெய். திருநகரிலிருந்து வந்தவர் மேஜை மேல் வைத்த அட்டைப்பெட்டிக்குள், தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி, எச்ஓ என்கிற சின்ன அளவில் செய்த ஒரு மாடல் ரயில் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. "ஓடலண்ணே. எண்ணெய் விட்டேன். அப்பயும் ஓடல. இன்னும் கொஞ்சம் விட்டேன்" என்றார். அதற்கு முந்தின வாரம் வந்தது நல்லெண்ணெய். அதற்கும் முன்னால் பைக் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே. இதற்கு மேல் எழுதாமல் இருந்தால் சரிப்படாது.

சின்ன மோட்டார் வேலைதான் என் பிழைப்பு. தையல் மெஷின், மிக்ஸி ஆர்மேச்சர், பழைய டேப் ரெக்கார்டர் என்று கிடந்த மேஜையில் சில வருடங்களாக மாடல் ரயில் இன்ஜின்களும் வரிசை கட்டுகின்றன. ஜெர்மனியிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பெங்களூரில் சம்பாதித்து எஸ்.எஸ். காலனி மொட்டைமாடி அறையில் தண்டவாளம் போடுகிற தம்பிகள். ஆளுக்கு ஆள் வண்டி வேறு. பழக்கம் மட்டும் ஒன்றுதான்: நின்றால் எண்ணெய்.

இது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. மதுரை ரயில்வே ஊர். நீராவி இன்ஜின் காலத்தில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் குவளையோடு இறங்கி, ஆக்சில் பாக்ஸ், கிராங்க் பின் என்று ஒரு சுற்று ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டிலிருந்துதான் பாதி இன்ஜின்கள் என்னிடம் வருகின்றன. "நாங்க பாக்காத இன்ஜினா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, நீங்கள் பார்த்தது பல பத்து டன் இரும்பு. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்துக்கு எண்ணெய் உயிர். இதுவோ சில நூறு கிராம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், விரல்நுனி அளவு மோட்டார். இதற்குச் சாப்பாடு மின்சாரம்.

அந்த மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். தண்டவாளத்தில் இருந்து சக்கரத்துக்கு. சக்கரத்தில் இருந்து அதை உரசி நிற்கும் மெல்லிய செம்புத் தகட்டுக்கு, அதாவது பிக்கப்புக்கு. அங்கிருந்து கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள் உரசி நிற்கும் கரித்துண்டு. பிரஷில் இருந்து கம்யூட்டேட்டர், அதாவது மோட்டார் தண்டோடு சுற்றும் செம்புத் துண்டு வளையம். திரும்பிப் போக எதிர்த் தண்டவாளம். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று பாடம் நடத்தப் போவதில்லை, பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பாதையில் கம்பியால் பிணைக்காமல் வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்கள் எத்தனை பாருங்கள். எண்ணெய் மின்சாரம் கடத்தாது. தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "அப்பயும் ஓடல" என்றால் எப்படி ஓடும்?

அத்தோடு முடிந்தால் பரவாயில்லை, துடைத்துக் கொடுத்துவிடலாம். எண்ணெய் விட்ட இடத்தில் நிற்காது. மோட்டார் தண்டில் திருகு மாதிரி இருக்கிற வார்ம் கியர் சுற்றுகிற வேகத்தில் நாலு பக்கமும் தெறிக்கும். தெறித்தது கம்யூட்டேட்டரில் போய் உட்காரும். பிரஷ் தேயத் தேய உதிர்கிற கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பு. கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியை அந்தக் களிம்பு அடைத்துவிடும். பிரிந்திருக்க வேண்டிய துண்டுகள் கை கோத்துக்கொள்ளும். மோட்டார் சுடும், வேகம் குறையும், வேகம் குறைந்ததே என்று நீங்கள் இன்னும் இரண்டு சொட்டு விடுவீர்கள். கடைசியில் மோட்டார் சுருள் கம்பியின் எனாமல் பூச்சு கருகி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

நம் ஊர் புழுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் சாத்தின ஜன்னல் வழியாகவே மண் வருகிற ஊர் இது. எண்ணெய் பூசிய சக்கரம் அதை ஒரு சுற்று விடாமல் அள்ளித் தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டே போகும். ஒரு இன்ஜினுக்கு விட்ட எண்ணெய் எல்லா இன்ஜினையும் நிறுத்தும்.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் கியருக்குள்ளும் நடக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் நாளானால் காற்றுப்பட்டுப் பிசினாக இறுகும். கடாய் ஓரத்தில் படிந்திருக்குமே, சுரண்டினாலும் வராமல், அதுதான். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருப்பிடிக்காமல் காக்கவும் 1953-ல் அமெரிக்காவில் உருவானது. அந்த வேலைக்கு அது நல்ல சரக்கு, என் மேஜையிலும் ஒரு டப்பா இருக்கிறது. பொடி மோட்டாருக்குள் பீய்ச்ச அது வந்ததில்லை. தையல் மெஷின் எண்ணெய் இவ்வளவு மோசமில்லை. உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தால் வண்டி மன்னிக்கும். ஆனால் சில பிளாஸ்டிக் வகைகளுக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, நாளடைவில் வெடிப்பு விடும். பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லை என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் மெல்லிய செயற்கை எண்ணெய் கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஒரு பாட்டில் வாங்கினால் உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் போதும், ஏனென்றால் ஒரு தடவைக்கு வேண்டியது ஊசிமுனையில் நிற்கிற அளவு.

மோட்டார் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற பேரிங்கில் ஊசிமுனைப் பொட்டு. சக்கர அச்சு உட்காரும் இடத்தில் அதே அளவு. பல்சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸ் கொஞ்சம் தடவினால் மிச்சத்தை வண்டியே பரப்பிக்கொள்ளும். விட்ட பிறகு கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்தால் அதிகம் விட்டுவிட்டீர்கள், பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். வருடம் முழுக்க ஓட்டுகிற வண்டிக்குக்கூட இதற்கு மேல் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. போடி மீட்டர்கேஜ் வண்டியின் நினைவுக்காக 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் மாடல் செய்து ஓட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும். போடிக்கு 2023-ல் அகலப்பாதையில் வண்டி வந்த பிறகும் மனுஷன் விடவில்லை. அவர் எண்ணெய் பாட்டிலைத் தொடுவதே அபூர்வம். தொடுவதெல்லாம் துணியைத்தான்.

ஆமாம், துணி. வண்டி நின்றால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். பஞ்சு பஞ்சாக உதிராத பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள். துணி கறுப்பாக வந்தால் உங்கள் நோய் பாதி அதுதான். பிறகு அதே ஈரத்துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணி மேலும் மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். துணி சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், சக்கரத்தில் பொறி வரும். சந்தேகம் இருந்தால் கரண்டை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே உருட்டித் துடையுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இன்னும் ஓடவில்லையா? சாதாரண டிசி இன்ஜினாக இருந்தால் கையில் தூக்கி, ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இருந்து இரண்டு ஒயர் எடுத்து இடச் சக்கரத்தில் ஒன்று, வலச் சக்கரத்தில் ஒன்று தொடுங்கள். சுற்றினால் வண்டி நன்றாக இருக்கிறது, கோளாறு தண்டவாளத்திலோ ஒயரிலோ. உள்ளே டீகோடர் என்ற டிஜிட்டல் சர்க்யூட் வைத்த வண்டிக்கும், மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனி வண்டிக்கும் இந்தச் சோதனை வேண்டாம். மார்க்லினில் இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே முனை, இன்னொரு முனை நடுவில் இருந்து வரும். ஜெர்மனியில் இருந்து மச்சான் கொண்டு வந்தார் என்று அதை இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட். வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உப்புத்தாள் வேண்டாம். தேய்த்த அன்று பளபளக்கும். தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் அழுக்கு உட்காரத் திண்ணை, அடுத்த மாதம் இரண்டு மடங்கு கறுப்பு. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசரும் வேண்டாம். கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்திருக்கும், அது தண்டவாளத்தில் பிசுபிசுவென்று நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பிளாஸ்டிக் உடம்பைக் கரைத்துவிடும். அழகான நீலப் பெயின்ட் அடித்த ஒரு வண்டி, ஜன்னல் ஓரமெல்லாம் குழைந்துபோய் என்னிடம் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பெட்ரோல் பற்றிப் பேசவே போவதில்லை. வீட்டுக்குள், பொறி வருகிற மோட்டார் பக்கத்தில் பெட்ரோல் கிண்ணம் வைப்பவர்களிடம் பேச வேண்டியது நானில்லை, தீயணைப்புத் துறை.

கரண்ட் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம். "12 வோல்ட் தானே" என்று பைக் பேட்டரியை நேராகத் தண்டவாளத்தில் மாட்டுகிறார்கள். இன்றைய எச்ஓ இன்ஜின் இழுப்பது சாதாரணமாக அரை ஆம்பியருக்கும் கீழே. அதுவரைக்கும் பேட்டரி சாதுவாகத்தான் இருக்கும். ஒரு சக்கரம் தடம் புரண்டு எதிர்த் தண்டவாளத்தைத் தொட்டால் அதே பேட்டரி பத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் சிவக்கும், பிக்கப் தகடு உருகும், பக்கத்தில் தெர்மகோல் மலையும் காகித மரமும் இருக்கும். மாடல் ரயிலுக்கென்று செய்த கன்ட்ரோலர் ஷார்ட் ஆனதும் தானே துண்டித்துக்கொள்ளும். அதற்குத்தான் அந்தக் காசு. வாங்க முடியவில்லை என்றால் குறைந்தது 1 ஆம்பியர் ஃபியூஸாவது நடுவில் போடுங்கள்.

அமெரிக்காவில் இருந்து வந்த கன்ட்ரோலரைப் பிளக் மாற்றி நம் சுவரில் சொருகாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இன்புட் 120 வோல்ட் என்று இருக்கும், நம் சுவரில் வருவது 230. படிக்க அரை நிமிடம்.

எடுத்து வைப்பது பற்றியும் கொஞ்சம். பரிசாக வந்ததைப் பத்திரப்படுத்துகிறேன் என்று பீரோவில் பாச்சை உருண்டையோடு வைக்காதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். பெட்டிக்குள் இருக்கிற ஸ்பாஞ்சும் நம் வெக்கையில் சில வருடத்தில் பொடிந்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றி வையுங்கள். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கிற பரண், அக்னி நட்சத்திரத்தில் இன்ஜின் வைக்கிற இடமே இல்லை.

தாத்தா காலத்து வார்ப்பு இன்ஜின்களில் உடம்பு தானாக விரிந்து, வெடித்து, கையில் தொட்டால் உதிரும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்துபோனதால் வருகிற நோய், வெக்கையும் ஈரமும் அதை வளர்க்கும். மருந்து கிடையாது. பசை போட்டு ஒட்டி ஓட்டாதீர்கள், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சீராக டிக், டிக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அச்சுப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். இந்த மாதிரி வழுக்குகிற பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் பிடிக்காது, அதன் ஆவி பட்டு ஜன்னல் பிளாஸ்டிக் வெள்ளை பூத்துப்போவதுதான் மிச்சம். புதுப் பல்சக்கரம்தான் வழி.

ஆர்வத்தில் பிரித்துப் பார்ப்பவர்களைத் திட்ட எனக்கு மனசு வராது, அப்படிப் பிரித்துத்தான் நாங்களெல்லாம் தொழில் கற்றோம். ஆனால் பழைய திறந்த மோட்டார்களில் காந்தத்தை மட்டும் உருவாதீர்கள். அந்தக் காலத்து அல்நிகோ காந்தத்தை இரும்புத் துண்டு எதையும் முனைகளில் பாலம் கொடுக்காமல் வெளியே எடுத்தால் பலம் குறைந்துவிடும், திருப்பி மாட்டினாலும் வண்டி தள்ளாடும். சால்டரிங் செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் அது. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து பார்க்கிறது என்பது எனக்குத் தெரியும், பிள்ளைக்காகத்தானே இத்தனையும். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் கீழே உருண்டால் தேடி எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள், தவழ்கிற பிள்ளை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

இதெல்லாம் பார்த்தும் ஓடவில்லை என்றால் யாரிடமாவது கொண்டு போங்கள், என்னிடம்தான் என்றில்லை. போகும்போது கழற்றின பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு, கன்ட்ரோலரையும் ஒரு முழம் தண்டவாளத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். இன்ஜினை மட்டும் பார்த்துக் கோளாறு சொல்லச் சொன்னால், பாதி நேரம் நல்ல வண்டியைத்தான் பிரித்துக்கொண்டிருப்போம்.