புள்ளிப் பரவல் அல்ல, புள்ளி வாசி

கூடைப்பந்துச் செய்தி ஒன்றில் மறுபடியும் அந்தச் சொல் கண்ணில் பட்டது: புள்ளிப் பரவல். "வென்ற அணி புள்ளிப் பரவலை மூடத் தவறியது" என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். ஆனால் பரவல் எப்படி மூடப்படும்? வென்ற அணி எதில் தவறியது? மூன்று முறை படித்துவிட்டு, இதன் ஆங்கில மூலம் என்னவாக இருக்கும் என்று மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. தமிழ் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தால் அந்த மொழிபெயர்ப்பு யாருக்காக?

பாயிண்ட் ஸ்பிரெட் என்பதைத்தான் இப்படிப் பரவலாக்கி வைத்திருக்கிறார்கள். பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு அணிகள் ஆடப்போகின்றன, ஒன்று பலமானது, மற்றது பலவீனமானது. யார் ஜெயிப்பார் என்று மட்டும் பந்தயம் வைத்தால் எல்லோரும் பலமான அணியின் பக்கம்தான் பணத்தைக் கட்டுவார்கள். அதனால் பந்தயம் நடத்துகிறவர் ஆட்டத்துக்கு முன்பே ஓர் எண்ணைக் குறிக்கிறார். ஆறரை என்று வைத்துக்கொள்வோம். பலமான அணி மேல் பணம் கட்டியவர் ஜெயிக்க, அந்த அணி வென்றால் மட்டும் போதாது, ஆறரைக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 104-97 என்று முடிந்தால் வித்தியாசம் 7, பணம் கட்டியவருக்கு வெற்றி. 104-99 என்று முடிந்தால் வித்தியாசம் 5. அணி ஆட்டத்தை வென்றது, அதன் மேல் பணம் கட்டியவர் தோற்றார். பலவீனமான அணி மேல் கட்டியவருக்கு, அந்த அணி தோற்றும் பணம் வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் அணியின் கணக்கில் ஆறரைப் புள்ளியை எழுதி வைத்ததுபோல.

இதைத் தொடங்கி வைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் சார்லஸ் மெக்நீல், கணித ஆசிரியராக இருந்தவர். 1940களில் சிகாகோவில் இந்த முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பிரெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் விரிப்பது, பரப்புவது. இரண்டு முனைகளை விரித்துப் பிடித்தால் நடுவே வருகிற தொலைவையும் அது குறிக்கும். அதிலிருந்து வணிகத்தில் இரண்டு விலைகளுக்கு இடையிலான வேறுபாடு என்ற பொருளும் வந்தது. புள்ளியோடு சேரும்போது நமக்கு வேண்டியது இந்த வேறுபாடுதான். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், முதல் பொருளை எடுத்தார், மூடிவிட்டார். சொல்லின் பிறப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இனிப் பரவலுக்கு வருகிறேன். இந்தச் சொல்லால் ஆகிற கெடுதல் சின்னதல்ல.

அண்ணன் மகள் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறவள். ஆட்டத்தின் ஒவ்வொரு விதியும் அவளுக்குத் தெரியும், பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் கேட்டாள்: "சித்தப்பா, புள்ளிப் பரவல்னா எந்த ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பாருன்னு பிரிச்சுச் சொல்றதா?" அவள் மேல் தப்பே இல்லை. புள்ளிகள் பரவியிருக்கின்றன என்றால், ஆட்டக்காரர்களிடையே பரவியிருக்கின்றன என்றுதான் எவரும் நினைப்பார். தமிழ் தெரிந்தவர் தமிழைப் படித்துச் செய்த நேர்மையான ஊகம் அது.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் ஊகித்தது போன்ற பந்தயம் உண்மையிலேயே தனியாக இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை முறை பந்தை மீட்பார் என்று குறிப்பிட்ட எண்ணுக்கு மேலா கீழா எனக் கட்டுவது. டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் ஜான்டே போர்ட்டருக்கு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை விதித்தது இந்த வகைப் பந்தயத்தை ஒட்டித்தான். உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் நடுவே வெளியேறினார், அவருடைய எண்கள் குறையும் என்று கட்டியவர்களுக்கு அது சாதகமானது. புள்ளி ஸ்பிரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பரவல் என்ற சொல்லை நம்பிப் படிக்கிற பெண் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வாள். சொல் விளங்காமல் போனால்கூடப் பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இது தவறான இன்னொரு பொருளில் நன்றாகவே விளங்கிவிடுகிறது.

அப்புறம், பரவல் என்பது ஆளில்லாமல் கிடக்கும் சொல்லும் அல்ல. பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே அதற்கு உறுதியான இடம் இருக்கிறது: நிகழ்தகவுப் பரவல், ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல். பந்தய எண்ணைக் கணிக்கிறவர்கள் கையில் எடுப்பதும் இந்தக் கணிதத்தைத்தான். இரண்டு அணிகளின் வெற்றி வித்தியாசம் எப்படியெல்லாம் அமையும் என்பதன் பரவலைப் பார்த்து, அதன் நடுப்பகுதிக்கு அருகில் எண்ணை நிறுத்துவார்கள். இதைத் தமிழில் எழுத முயன்றால் "வித்தியாசத்தின் பரவலைப் பார்த்துப் பரவலை நிர்ணயிக்கிறார்கள்" என்று வரும். படித்துப் பாருங்கள். ஒரே பத்தியில் இரண்டு பொருளுக்கும் வேலை இருக்கும்போது ஒரே சொல்லை வைப்பது பொறுப்பில்லாத செயல் என்பேன்.

பரவலை விரிவு என்று மாற்றினால் தீருமா? புள்ளி விரிவு என்றும் பார்த்திருக்கிறேன். அது பரவலின் தம்பி, அவ்வளவுதான்.

புள்ளி வித்தியாசம் என்று சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எளிமையான சொல், எல்லோரும் பேசுவது. நானும் முதலில் அங்கேதான் நின்றேன். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு பலகையில் தெரிவதுதான் வித்தியாசம், "ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்" என்பதுபோல. இந்தப் பந்தயமே முன்னால் குறித்த எண்ணையும் பின்னால் வந்த எண்ணையும் ஒப்பிடுவதில் இருக்கிறது. "வித்தியாசம் வித்தியாசத்தைத் தாண்டியதா?" என்று கேட்க முடியுமா? இரண்டுக்கும் இரண்டு பெயர் இருந்தே ஆக வேண்டும். புள்ளி இடைவெளிக்கும் இதே சிக்கல்தான். ஆட்டத்தின் நடுவே "இடைவெளி பன்னிரண்டாகக் கூடிவிட்டது" என்று வர்ணனையாளர் சொல்லும் இடைவெளி வேறு. போதாததற்கு, பாதி ஆட்டத்தில் விடுகிற இடைவேளையோடும் அது காதில் மோதும்.

ஈடு என்பதைச் சிலர் சொல்கிறார்கள். கருத்தளவில் இது நெருங்கி வருகிறது, பலவீனத்தை ஈடுசெய்யும் புள்ளி. வேறு எந்தத் துறையாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். பணம் புழங்கும் இடத்தில் ஈடு என்றால் அடமானம். ஈடு வைத்தான் என்றால் பொருளை வைத்தான் என்று அர்த்தம். பந்தயத்தில் ஆள் வைக்கிற தொகைக்கு நம்மிடம் பணயம் என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது, ஈடு அதன் மேல் போய் விழும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்: வாசி.

தேவாரத்தில் சம்பந்தர் திருவீழிமிழலையில் பாடியது "வாசி தீரவே காசு நல்குவீர்". பஞ்ச காலத்தில் அந்தக் கோயிலில் அவருக்கும் அப்பருக்கும் நாளுக்கொரு காசு கிடைத்தது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. அப்பரின் காசு கடையில் குறைவில்லாமல் மாறியது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் கேட்டார்கள், அதாவது மட்டமானது என்று சொல்லி மதிப்பில் கழித்துக்கொண்டார்கள். அந்தக் குறைதான் வாசி. அது நீங்கட்டும் என்று பாடுகிறார். பார்வைக்கு இரண்டும் காசுதான், இரண்டும் சமமில்லை, சமமாக்க எவ்வளவு கணக்கில் சேர்க்க வேண்டுமோ அதற்குப் பெயர் வாசி. இரண்டு அணி, இரண்டும் சமமில்லை, சமமாக்க எத்தனை புள்ளி கணக்கில் சேர்க்க வேண்டும்? இதைவிடப் பொருத்தமான சொல்லை உட்கார்ந்து யோசித்தாலும் உருவாக்க முடியாது. அதுவும் இந்த எண் பிறந்ததே பணம் மாறும் இடத்தில்தான்.

தேவாரச் சொல்லைப் பந்தயத்துக்கு இழுப்பதா என்று வருத்தப்படுவோர் இருக்கலாம். அது காசு மாற்றுகிறவரின் சொல், பாட்டில் வந்ததும் அந்தப் பொருளில்தான். அதன் பழைய தொழிலுக்கே திருப்பி அனுப்புகிறேன். வாசி என்றால் படி, குதிரை, மூச்சு, குடியிருப்பவர் என்றெல்லாம் பொருள் உண்டே என்பது அடுத்த கேள்வி. உண்டு. புள்ளி என்று முன்னால் ஒட்டியதும் குதிரை யாருக்கும் நினைவுக்கு வராது. விலைவாசி, முக்கால்வாசி என்று தினமும் சொல்கிறோம், யாராவது தடுமாறுகிறோமா? பணமும் அளவும் வரும் இடங்களில் இந்த ஒலி நம் நாக்குக்குப் பழகியதுதான்.

இந்தச் சொல்லை வைத்தால் மற்ற வாக்கியங்கள் தாமாக நேராகின்றன. பலமான அணி வாசி கொடுக்கிறது, பலவீனமான அணி வாசி வாங்குகிறது. ஆங்கிலத்தில் எண்ணுக்கு முன்னால் போடும் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் (-6.5, +6.5) இவைதான். வித்தியாசம் வாசியைத் தாண்டியது அல்லது வாசிக்குள் நின்றது. மூடுவதும் மறைப்பதும் வேண்டாம். வாசியும் வித்தியாசமும் சரியாக ஒன்றாகிவிட்டால், ஆறு வாசி, ஆறு புள்ளியில் வெற்றி என்றால், பணயம் திரும்பக் கிடைக்கும். அந்த இழுபறி வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் அரைப்புள்ளி சேர்க்கிறார்கள்.

ஒரு பழைய ஊழலையும் இந்தச் சொல்லால் எளிதாகச் சொல்லிவிடலாம். நியூயார்க் சிட்டி கல்லூரி அணி 1950இல் என்ஐடி, என்சிஏஏ என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளையும் வென்றது, ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற ஒரே அணி. 1951இல் அதன் ஆட்டக்காரர்கள் கைதானார்கள். ஆட்டத்தை வென்றாலும் வித்தியாசம் வாசியைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளப் பணம் வாங்கியிருந்தார்கள். தோற்பதற்கு லஞ்சம் என்றால் எவருக்கும் புரியும். வென்றுகொண்டே ஏமாற்றுவது எப்படி என்பது வாசி தெரியாமல் புரியாது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பாயிண்ட் ஷேவிங். அதைப் "புள்ளிச் சவரம்" என்று எழுதுகிறவரிடம் நான் என்ன பேச?

சவரத்தோடு நிற்கவில்லை. ஆட்ஸ் என்பதைப் "பந்தய முரண்பாடுகள்" என்று எழுதுகிறார்கள். இது இன்று எங்கு பார்த்தாலும் கிடக்கிறது. ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு நிற்பதற்கு ஆங்கிலத்தில் அதே சொல் வரும், அதை எடுத்து இங்கே வைத்துவிட்டார்கள். பந்தய விகிதம் என்றால் முடிந்தது. 110 கட்டினால் 100 லாபம் என்பது ஒரு விகிதம், அதில் என்ன முரண்பாடு? வாசிப் பந்தயத்தில் வழக்கமான விகிதம் அதுதான். இரு பக்கமும் ஆளுக்கு 110 கட்டினால் சேர்வது 220, வென்றவருக்குப் போவது 210, மீதி 10 நடத்துகிறவருக்கு. கட்டுகிறவர் நட்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கும் மேல் சரியாகச் சொல்லியாக வேண்டும். புதிதாக வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. அதை முரண்பாடு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

நான் பந்தயம் கட்டுகிறவன் அல்ல. ஆனால் 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்க வழிவிட்ட பிறகு, கூடைப்பந்துச் செய்தியில் இந்தச் சொற்கள் வராத வாரம் இல்லை. ஆட்டத்தை நேசிக்கிற தமிழ் வாசகருக்கு அவை தமிழில் புரிய வேண்டும். வாசி பிடிக்கவில்லையா, புள்ளி ஸ்பிரெட் என்றே எழுதுங்கள். தெரியாத சொல் என்பதாவது வாசகருக்குத் தெரியும், விசாரிப்பார். பரவல் என்று மட்டும் எழுதாதீர்கள்.

என் சொல்லில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணும் வாசியும் நேராகச் சேர்ந்தால் பெரும்பாலும் அழகாக வரும், ஆறரை வாசி, நாலு வாசி என்று. ஆனால் இரண்டு அணிகளும் ஏறக்குறைய சமமாகி, குறித்த எண் வெறும் அரையாக இருந்தால் அரை வாசி என்றாகிவிடும், அது பாதி என்று பொருள்படும். அண்ணன் மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் அரைப்புள்ளி வாசி என்று முழுதாக எழுதிவிடலாம் என்று அவளே வழியும் சொன்னாள்.