இல்லத்தில் சேர்ந்த பிள்ளையின் பேச்சும் பேரும் சாதிச் சான்றும்: ஆபீசில் தொலையாமல் காப்பது எப்படி

ஒரு குழந்தைகள் இல்லத்தின் பார்வையாளர் அறை. பேரனைப் பார்க்க வந்த நரிக்குறவர் பாட்டி, தங்கள் தாய்மொழியான வாக்ரிபோலியில் ஏதோ கேட்டார். பையனுக்கு ஒன்பது வயது. பதில் சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று திரும்பி வார்டன் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தமிழில், "நல்லா இருக்கேன்" என்றான். "இங்க தமிழ்லதான் பேசணும்னு சொல்லியிருக்கோம் சார், அப்பதானே படிப்பு வரும்" என்று வார்டன் என்னிடம் விளக்கம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சட்டத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இருப்பது இதுதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 3ஆவது பிரிவு: பராமரிப்புக்கு வந்த எந்தக் குழந்தைக்கும் சீக்கிரமே குடும்பத்தோடு சேரவும், முன்பிருந்த அதே சமூக, பொருளாதார, பண்பாட்டு நிலைக்குத் திரும்பவும் உரிமை உண்டு. குழந்தையின் நலனுக்கு அது கேடாக இருந்தால் மட்டுமே விலக்கு. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பின்னணி இவ்வளவு போதும். பிரிவு எண்ணை ஆபீசில் ஒப்பித்தால் ஒன்றும் நடக்காது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் நகரும்.

கேட்க வேண்டிய படிவங்கள் இரண்டு. முதலாவது படிவம் 22, சமூக விசாரணை அறிக்கை. குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தை வந்ததும் தொடங்கி 15 நாளில் இந்த விசாரணை முடிய வேண்டும். இரண்டாவது படிவம் 7, தனிநபர் பராமரிப்புத் திட்டம். இல்லத்தில் குழந்தை என்ன மொழி பேசும், யார் வந்து பார்ப்பார்கள், திருவிழாவுக்கு ஊருக்குப் போகுமா என்பதெல்லாம் இதில்தான் ஏற வேண்டும். நடப்பது வேறு. "நலமாக உள்ளது, படிப்பில் ஆர்வம் உள்ளது" என்ற ஒரே வரி கோப்புக்குக் கோப்பு நகலாகிறது. ஒரு பெண் குழந்தையின் திட்டத்தில் "அவன் கிரிக்கெட்டில் ஆர்வமுள்ளவன்" என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நீங்கள் மாமாவோ, பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அந்த முதல் 15 நாளை விட்டுவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: வீட்டில் கூப்பிடும் பெயர், பேசும் மொழி, குலதெய்வம் இருக்கும் ஊர், அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் எங்கே, அப்பா வழி உறவில் யாரிடம் சாதிச் சான்று இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வாயால சொல்லுங்கம்மா, நாங்க எழுதிக்கிறோம்" என்பார்கள். எழுத மாட்டார்கள். குழந்தைக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்; பட்டியல் வைத்திருப்பது அந்த அலகின் வேலை.

பெயர் விஷயத்தில் உஷார். கூப்பிட வசதியாக இல்லத்தில் புதுப்பெயர் வைப்பார்கள். அது பள்ளியில் எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஏறி, அங்கிருந்து ஆதாருக்குப் போய்விட்டால், பிறகு பிறப்புச் சான்றோடு எதுவுமே பொருந்தாது.

பாட்டியிடம் வாங்கும் கைரேகைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தருவது. இந்தச் சட்டத்தில் பெற்றோர் இல்லாத குழந்தை மட்டும் அநாதை அல்ல. சட்டப்படியான பாதுகாவலர் பார்த்துக்கொள்ள விருப்பமில்லை, முடியவில்லை என்றாலும் அநாதைதான். "என்னால் வளர்க்க இயலவில்லை" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால், தத்துக்கொடுக்கத் தகுதியான குழந்தை என்று அறிவிக்கும் வரை அது போகலாம். அப்படி அறிவிக்க, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மாதம், அதற்கு மேற்பட்டால் 4 மாதம்தான் கெடு. குழந்தையை விட்டுக்கொடுப்பதாக முறைப்படி எழுதும் ஒப்படைப்புப் பத்திரம் என்றால் மறுயோசனைக்கு 60 நாள் உண்டு. அந்த நாட்களை யாரும் உங்களுக்காக எண்ண மாட்டார்கள். வாசித்துக் காட்டாத தாளில் ரேகை வைக்க வேண்டாம்.

காசில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால், அதற்கு நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. சட்டத்தின் 45ஆவது பிரிவில், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரில்லாத குழந்தை என்றே தனியாக எழுதியிருக்கிறார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. இங்கேதான் சிக்குவது: இ-சேவையில் வருமானச் சான்றில் பழக்கதோஷத்தில் 84,000 என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள், கிராமத்துப் பாட்டிக்கு அதோடு முடிந்தது. விண்ணப்பிக்கும் முன்பே தொகையைப் பாருங்கள்.

இனி சாதிச் சான்று. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளும் உண்டு. இல்லங்களுக்கு இது பிடித்த குறுக்குவழி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும்தான். ஆனால் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்திருக்க வேண்டும். சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இருக்கக்கூடாது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது. நான் சொன்ன பையனுக்கு இந்தச் சான்றுக்குத்தான் விண்ணப்பம் தயாராக இருந்தது. அவனுக்குப் பாட்டி இருக்கிறார். தவிர, நரிக்குறவர் சமூகம் 2023 ஜனவரியிலிருந்து பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் அவனுடைய இனமும் போயிருக்கும், இடஒதுக்கீடும் போயிருக்கும்.

பெற்றோர் யாரென்று தெரிந்தால் பெற்றோரின் சாதிதான் குழந்தைக்கு. பெற்றோரின் இறப்புச் சான்று, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்று, சித்தப்பா அத்தை யாருடைய சாதிச் சான்றாவது சேர்த்துக் கொடுங்கள். பட்டியல் சாதி என்றால் வட்டாட்சியர். பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இது தெரியாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு. சொந்த ஊர் ஒரு மாவட்டம், இல்லம் ஒரு மாவட்டம் என்றால் "அங்கே போங்க" என்று இரண்டு பக்கமும் பந்தடிப்பார்கள். எங்கே திருப்பி அனுப்பினாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னாலே பல நேரம் வேலை நடக்கும்.

தத்துக் கொடுக்காமல் வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினால் உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது 44ஆவது பிரிவு. பெற்றோர் இருந்தால் அவ்வப்போது போய்ப் பார்க்கலாம். குழு தடுத்தாலொழிய வளர்ப்பவர் தடுக்க முடியாது.

இன்னொரு சாக்கு: "ரகசியம், 74ஆவது பிரிவு, எதுவும் சொல்லக்கூடாது." அந்தப் பிரிவு பத்திரிகையிலும் மற்ற ஊடகங்களிலும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. பாட்டியின் ஊர் எது என்று குழந்தையிடமே மறைக்கச் சொல்லவில்லை. இதையும் மீறி இழுத்தடித்தால், குழந்தைகள் நலக் குழு மீதான குறைகளைக் கேட்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், 27ஆவது பிரிவு. திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தத்துப் போனவர்கள் 18 வயதுக்குப் பின் தாங்களே, பெற்றவர் யாரென்று அறியும் பூர்வீகத் தேடலுக்கு மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் தத்தெடுத்த பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றவர் மறுத்தாலும், ஒப்படைத்த சூழ்நிலையை மட்டுமாவது தெரிவித்தாக வேண்டும். இடைத்தரகர் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்: மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதியே இல்லை.