தெரிவிக்கப்பட்ட சம்மதமாம்!

திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்களிடம் கொடுக்கிற ஆய்வுப் படிவம் ஒன்று கைக்கு வந்தது. மேலே ‘பெயர் எழுத வேண்டாம்’. கீழே ‘தெரிவிக்கப்பட்ட சம்மதம்’ (‘informed consent’ என்பதைத் தமிழாக்கியிருக்கிறார்களாம்), பக்கத்திலேயே கையொப்பத்துக்கு ஒரு கோடு. எத்தனை படிவத்தில்தான் இதைப் பார்ப்பது!

ஆய்வுக்கு உட்படுபவர் தானாக முன்வந்து சம்மதிக்க வேண்டும் என்பது, நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் வந்த 1947 நியூரம்பெர்க் நெறிகளில் முதலாவது. அந்த ஆங்கிலத் தொடர் 1957இல் கலிபோர்னியாவின் மருத்துவ வழக்கு ஒன்றால் பரவியது. எதற்குக் கேட்கிறார்கள், பதிலை என்ன செய்வார்கள், பாதியில் விலகலாமா என்பதெல்லாம் புரிந்தபின் தரும் சம்மதம், அவ்வளவுதான்.

‘தெரிவிக்கப்பட்ட எதிர்ப்பு’ என்றால் எதிர்ப்பைத் தெரிவித்தாயிற்று என்று பொருள். அப்போது ‘தெரிவிக்கப்பட்ட சம்மதம்’? சம்மதத்தையும் தெரிவித்தாயிற்று! கேள்வியே கேட்கவில்லை, அதற்குள் பதில். ‘தகவலறிந்த ஒப்புதல்’ கொஞ்சம் தேவலாம். ஆனால் ஒப்புதல் என்றதும் போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம்தான் ஞாபகம் வருகிறது. கையொப்பத்திலும் அதே ‘ஒப்பு’ இருப்பதாலோ என்னவோ, கையெழுத்து வாங்காமல் ஒப்புதல் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயரில்லாக் கருத்துக்கணிப்பில் ஆளைக் காட்டிக்கொடுப்பதே அந்தக் கையெழுத்துதானே? அப்படிப்பட்ட இடத்தில் அதை விட்டுவிடலாம் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலிலும் வாய்மொழிச் சம்மதத்துக்கு இடமுண்டு.

போனில் நடத்தும் கருத்துக்கணிப்பு இன்னும் மோசம். விவரத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, கோபிசெட்டிபாளையம் பக்கத்து அம்மா ஒருவர் “சேரிங்க” (சரிங்க) என்றதும் டிக் அடித்துவிடுகிறார்கள். நம்மூரில் ‘சேரிங்க’ என்றால் பாதி நேரம் ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்க’ என்பதுதான்.

என் கட்சி ‘விவரமறிந்து தரும் இசைவு’. ‘அறிந்து’ என்று எச்சமாக்கினால் அறிகிறவரும் தருகிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். இசைவு புதிதல்ல, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்காத சாயப்பட்டறை நடக்குமா? ‘விவரம்’ வடசொல்லாச்சே என்பார்கள். இருக்கட்டும், தோட்டத்துக் கிழவிக்கும் ‘வெவரம்’ தெரியும். ‘அறிந்திசைவு’ என்று நறுக்குகிறவர்கள் அதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

போனில் அந்தத் தொடர்கூட வேண்டாம். விவரத்தைச் சொல்லி, “பேசறதுக்கு உங்களுக்குச் சம்மதமுங்களா? வேண்டாம்னாலும் ஒண்ணுமில்லீங்க” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.