சாய்கிற பக்கம் திரும்பும் சைக்கிள்

தண்டையார்பேட்டையில் பதினோராம் வகுப்புப் படிக்கும் வாசகி ஒருவர், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியை ஓட்டப் பழகிய கையோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: “ஸ்டாண்ட் போடாமல் விட்டால் விழுந்துவிடுகிற சைக்கிள், ஓடும்போது மட்டும் ஏன் விழுவதில்லை?”

சைக்கிளின் நன்மைகள் நமக்குத் தெரிந்தவைதான். உடல் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு நோகாது. நடக்கச் செலவாகும் சக்தியிலேயே ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம் கிடைக்கும். செயின், பல்சக்கரம் எல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று. சுவையான விஷயம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விரல் நுனியில் துடைப்பத்தை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். அது இடப்பக்கம் சாய்ந்தால் விரலையும் இடப்பக்கம் நகர்த்துவோம், நிமிர்ந்துகொள்ளும். சைக்கிளும் ஓடும்போது ஓயாமல் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. சாயும் பக்கமாகவே முன்சக்கரம் திரும்பி, சக்கரங்களை எடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நிற்கும் சைக்கிளில் ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரங்கள் நகர வழியில்லை, விழுகிறது.

அந்தத் திருப்பத்தில் பாதியைச் சைக்கிளே செய்துகொள்கிறது என்பதுதான் என்னைச் சொக்க வைக்கிறது. காசிமேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைக் கவனியுங்கள். பலர் சீட்டை மட்டும் ஒரு கையால் பிடித்திருப்பார்கள். திருப்பம் வந்ததும் சீட்டை லேசாகச் சாய்ப்பார்கள்; ஹேண்டில் தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஹேண்டில் தண்டு சாய்வாக இருக்கிறதல்லவா? அதன் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் போய் முட்டும். சைக்கிள் சாய்ந்தால், தரை டயரை மேல்நோக்கி உந்தும் விசையே சக்கரத்தைச் சாய்ந்த பக்கம் திருப்பிவிடுகிறது.

சுழலும் சக்கரம் தன் அச்சின் திசை மாறுவதை எதிர்க்கும் கைரோஸ்கோப் விளைவுதான் சைக்கிளைத் தூக்கி நிறுத்துகிறது என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். அந்த விளைவு உதவுகிறது, உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ், எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரம் ஒன்றைப் பொருத்தி அதை ரத்து செய்துவிட்டு, அந்த சைக்கிளைச் சிரமமில்லாமல் ஓட்டினார். 1970-ல் கட்டுரையும் எழுதினார். 2011-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கைரோஸ்கோப் விளைவை நீக்கி, தண்டின் கோட்டையும் டயர் தொடும் இடத்துக்கு 4 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி ஒரு வண்டி செய்தார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டபோதும் அது தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது! அதன் முன்பகுதியின் எடை தாழ்வாகவும் தண்டுக்கு முன்னாலும் இருந்தது. தாழ்வான எடை வேகமாகச் சாயும். அப்படி முந்திச் சாயும்போது சக்கரத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும்.

அந்த ஆய்வுக்கு அடிப்படையான கணக்கை 1980-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் போடத் தொடங்கியவர் பொறியாளர் ஜிம் பாப்பதோப்புலோஸ். பணம் போதாமல் அந்த முயற்சி அப்போது முடங்கியது. எனக்கு இது வருத்தம் தருகிறது. கேரியரில் கேஸ் சிலிண்டரும் மீன்கூடையும் ஏற்றிச் செல்லும் வடசென்னை சைக்கிளுக்கு எப்படிப்பட்ட ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பொருந்தும் என்பது முதல்தரமான ஆராய்ச்சிக் கேள்வி. அரை நூற்றாண்டுக்கு முன்பே சைக்கிள் ஆலை கண்ட அம்பத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளுக்குச் செலவிடும் நாடு இதற்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வலப்பக்கம் வளைய நினைத்தால் நாம் முதலில் ஹேண்டிலை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகிறோம்! சக்கரங்கள் இடப்பக்கம் ஓட, உடல் வலப்பக்கம் சாய்கிறது. அதன் பிறகுதான் உண்மையான திருப்பம். மழை விட்டதும் தேங்கிய நீரில் சைக்கிளை விட்டு, காய்ந்த சாலைக்கு வந்து சட்டென்று வலப்பக்கம் வளையுங்கள். இறங்கிப் பார்த்தால் முன்டயரின் ஈரக்கோடு முதலில் சற்றே இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நடைபாதை விளிம்பை உரசியபடி ஓட்டும்போது விலக முடியாமல் தவிப்பதும் இதனால்தான்: விலக வேண்டுமானால் முதலில் விளிம்பின் பக்கம் திரும்பியாக வேண்டும், அங்கே இடம் இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தண்டவாள இடுக்கில் முன்சக்கரம் இறங்கினால் ஆள் விழுவதும் அப்படியே. திரும்ப முடியாத சக்கரத்தால் சாய்வைச் சரிசெய்ய முடியாது. ஆகவே தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

புது சைக்கிளின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினால் விபத்து வராது என்று நம்புகிறோம். அந்த அக்கறையை ஹேண்டில் தண்டு சுழல உதவும் குண்டுகள் கொண்ட பால்ரஸ் மீது காட்டினால் உயிருக்கே நல்லது. அது இறுகிவிட்டால் சக்கரம் தானாகத் திரும்பாது. வண்டி பாம்பாக நெளியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சைக்கிளை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஹேண்டில் சாய்ந்த பக்கம் தடையில்லாமல் விழ வேண்டும். பாதியில் நின்றால், கடையில் கொடுத்துக் குண்டுகளைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.