மனநல ஃபைல் யார் கைக்குப் போகலாம்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருவர் ஒரு கோர்ட் மனுவின் நகலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கணவர் போட்ட விவாகரத்து மனு. மூன்றாவது பக்கத்தில், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் டாக்டரிடம் என்ன சொல்லி அழுதார் என்பது வரை டைப் அடித்திருந்தது. குழந்தை பிறந்தபின் தூக்கம் வராமல் தவித்தபோது மாமியாரே கூட்டிப்போய்க் காட்டிய தனியார் கிளினிக் அது. ஃபைலை எப்படிக் கொடுத்தீர்கள் என்று அங்கே போய்க் கேட்டால், "வீட்டுக்காரருதானுங்களே கேட்டாரு, ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டோமுங்க" என்றார்களாம். அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்க, நான் டாக்டர்கிட்ட மட்டும்தானுங்களே சொன்னேன்?"

சட்டமும் அதையேதான் கேட்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவுப்படி, ஒருவருடைய மனநலம், சிகிச்சை பற்றிய தகவல் ரகசியம். டாக்டர், நர்ஸ், உளவியலாளர் என்று சிகிச்சையில் இருக்கும் எல்லோரும் அதைக் காக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் ஒரே விதி. சிகிச்சைக்காக இன்னொரு டாக்டரிடம் சொல்லலாம், யாருக்காவது உயிராபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லலாம், அதிகாரமுள்ள நீதிமன்றமோ, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியமோ உத்தரவிட்டால் கொடுக்கலாம். பொதுப் பாதுகாப்பு என்று இன்னொரு விலக்கும் உண்டு. "வீட்டுக்காரர் கேட்டார்" என்பது இந்த விலக்குகளில் இல்லை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பலரும் விழுவது இங்கேதான்.

உங்கள் சார்பில் பேச ஒருவரை நீங்கள் நியமிக்கலாம். சட்டம் அவரை 'நியமனப் பிரதிநிதி' என்கிறது. உங்கள் நோய், சிகிச்சை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் அவரால் முடியும். நீங்கள் யாரையும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்காது, உறவினருக்குப் போய்விடும். உறவினர் என்றால் ரத்த சம்பந்தம் மட்டுமல்ல, கல்யாண வழி உறவும் சேரும். அதாவது கணவர், மாமியார். உறவினர் இல்லையென்றால், உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு. மில் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளை வார்டன் கூட்டிப்போய்ப் பெயர் பதிகிறார், கையெழுத்துப் போடுகிறார், சீட்டையும் அவரே வைத்துக்கொள்கிறார். 'பார்த்துக்கொள்பவர் நான்தான்' என்று அவர் சொன்னால், மறுத்துக் காட்ட அந்தப் பெண்ணின் கையில் காகிதம் எதுவும் இருக்காது.

அதனால் முதல் முறை போகும்போதே அந்தக் காகிதத்தை எழுதிவிடுங்கள். வெள்ளைத் தாள் போதும். "இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன்" என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். அவரும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். யாரை நம்புகிறீர்களோ அவரை எழுதுங்கள்: அம்மா, தங்கை, கூட வேலை செய்யும் தோழி. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கவுன்டரில், "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிட்டு வாங்க, நோட்டரி வாங்கிட்டு வாங்க" என்பார்கள். இரண்டும் தேவையில்லை. எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' என்பது வேறு. அதற்குத்தான் சாட்சி, பதிவு எல்லாம். இரண்டையும் குழப்பி ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். 14-ஆம் பிரிவு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை கேளுங்கள்.

பிரதிநிதிக்கும் ஃபைல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போக உரிமை இல்லை. உங்களைக் கவனித்துக்கொள்ளும் கடமைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். எந்த வேளை எந்த மாத்திரை என்பது அதில் சேரும். விவாகரத்து மனுவுக்கு ஜெராக்ஸ் சேராது.

இனி உங்கள் ஃபைலை நீங்களே கேட்கும்போது நடக்கும் அலைக்கழிப்பு. அடிப்படை மருத்துவ ஆவணங்களைப் பெற 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 2018 விதிகளில் இதற்கென்று படிவம் ஏ இருக்கிறது. பொறுப்பு மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் தர வேண்டும். நடப்பது என்ன? ஒருவருக்காக நான் கூடப் போயிருந்தேன். ஓ.பி. கவுன்டரில் ரெக்கார்ட் ரூம் என்றார்கள். ரெக்கார்ட் ரூமில், பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பெரிய டாக்டர் மதியம் இரண்டு மணிக்கு, "தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க" என்றார். ஃபைல் கேட்டு வந்தவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டுத் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். காலையிலிருந்து ஒரு டீயோடு நின்றிருந்தார்.

தகவல் உரிமை மனு போடாதீர்கள். அதற்கு 30 நாள், பத்து ரூபாய், அப்புறம் மேல்முறையீடு. உங்கள் ஃபைலுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. வாய்மொழியாகவும் கேட்காதீர்கள், வாயால் கேட்டதற்குத் தேதி கிடையாது. கவுன்டரில் வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், அது அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கணக்கு ஓடும். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள், பேச்சும் அதோடு நின்றுவிடும். சில பகுதிகளைப் படித்தால் உங்களுக்கே கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் கருதினால் அதை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்போது, வாரியத்திடம் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதையும் அவரே உங்களிடம் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களுக்கான நடத்தை விதி. அதன்பின் "பழசு, கிடைக்காது" என்பது சுலபமான பதில்.

கவுன்டரில் நின்று, "மனநலமா? அந்தப் பக்கம் போங்க" என்று ஹாலுக்கே கேட்கும்படி கத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் அந்த வரிசையில் பின்னால் நிற்பவர் சொந்தக்காரராகவே இருப்பார். அடுத்த வைகாசியில் பெண் பார்க்க வருகிற வீட்டார் விசாரிக்கும்போது அந்த ஒரு சத்தம் திரும்பி வரும். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க என்ன செலவு? இதற்கும் எழுதிப் புகார் கொடுங்கள். முதலில் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு மருத்துவர், பலனில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். வாரியத்துக்கு எப்படி எழுதுவது என்று திகைக்க வேண்டாம். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். "வருமானச் சான்று எங்கே?" என்று கேட்டால், பெண்களுக்குத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

திருப்பூர் கம்பெனிகளில் லீவு முடிந்து வந்தால் டாக்டர் சீட்டைக் கேட்பார்கள். மாத்திரைச் சீட்டையும் ஃபைலையும் டைம் ஆபீஸில் கொடுத்துவிடாதீர்கள். இத்தனை நாள் ஓய்வு தேவைப்பட்டது, இப்போது வேலைக்குத் தகுதி என்று மட்டும் டாக்டரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் படிவங்களில் சிறிய எழுத்தில், ஆவணம் எதையும் யாரிடமும் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஃபைல் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டதா? பயந்துபோய் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்துச் சமரசத்தில் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போடாதீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தார் என்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது என்று இதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து வாங்க முடியாது, அது எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே, ராம் நாராயண் குப்தா வழக்கில் சொல்லிவிட்டது.

கோபிப் பெண் இப்போது தங்கையைப் பிரதிநிதியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், டாக்டரையும் மாற்றிவிட்டார். பழைய கிளினிக்குக்கு, ஃபைலை யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பிரிவின்படி கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பதிவுத் தபால் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கடிதம் வாரியத்துக்கு, எழுதி வைத்திருக்கிறோம்.