கார்புரேட்டர் கிளாம்பும் கணக்கில் வராத காற்றும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் இன்றும் ஓடும் பழைய யமஹா ஆர்எக்ஸ்ஸெட் போன்ற மோட்டார் சைக்கிள்களில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைப்பவை குட்டையான ஒரு ரப்பர் குழாயும் அதைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டையுமே. கிளாம்ப் எனப்படும் அந்தப் பட்டை, கார்புரேட்டர் கழன்றுவிடாமல் பிடித்திருப்பதோடு, அதைவிட நுட்பமான இன்னொரு வேலையையும் செய்கிறது. கார்புரேட்டர் அளந்து அனுப்பாத காற்று எஞ்சினுக்குள் நுழையாமல் அது தடுக்கிறது.

எஞ்சின் மூச்சிழுக்கும்போது ரப்பர் குழாயின் உட்புற அழுத்தம், வெளியிலுள்ள சுமார் 101 கிலோபாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரையும்போது அங்கும் அழுத்தம் தாழ்வதால், ஜெட் எனும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலேறிக் காற்றில் கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. கிளாம்ப் தளர்ந்த இடத்தில் புகும் காற்றோ தொண்டையைக் கடக்காமல் வருவதால், தன் பங்குக்குரிய பெட்ரோலை இழுத்து வருவதில்லை. காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும் நேரத்தில் மொத்தக் காற்றோட்டமே சிறிது என்பதால், மெல்லிய கசிவுகூட அப்போது பெரும் பங்காகிவிடுகிறது. வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் ஐட்லிங் வேகம் ஏறி இறங்குவதும், திராட்டிலை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் உடனே தணியாததும், தீப்பொறி தரும் பிளக்கின் முனை வெளுப்பதும் இதனால்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தப் பெட்ரோல் பற்றாக்குறை பிஸ்டனை அளவுமீறிச் சூடாக்கி, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளவும் செய்யும். கசிவைத் தேடாமல் ஜெட்டை மாற்றுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தருவதாகும்.

பட்டையின் இழுவிசையை, அதன் ஆரமும் அகலமும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால், ரப்பர் மீது விழும் அழுத்தம் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் ஆரமும் 9 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பட்டையில் 300 நியூட்டன் இழுவிசை இருப்பதாகக் கொண்டால், அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு. பட்டை துருப்பிடித்து நீண்டாலோ, திருகு பூட்டும் காதுகள் வளைந்தாலோ இந்த அழுத்தம் சரிகிறது. ஆனால் குற்றம் பெரும்பாலும் பட்டையோடு நிற்பதில்லை என்பதே என் கருத்து.

1877-ஆம் ஆண்டிலேயே ரப்பர் மரம் ஊன்றப்பட்ட கோலகங்சாருக்கு அண்டையிலுள்ள சுங்கை சிப்புட்டின் தோட்டங்கள் தந்த மரத்துப்பால் ரப்பர், இந்தக் குழாய்க்கு ஏற்றதன்று. அதுவும் பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்களே என்பதால், பெட்ரோல் பட்டால் அது ஊறிப் பருத்துவிடும். எனவே நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்கள் பயன்படுகின்றன. அவையும் எஞ்சின் சூட்டிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் நாளடைவில் இறுகி வெடிக்கின்றன. மேலும், நெடுங்காலம் அமுக்கப்பட்ட ரப்பர் எதிர்த்துத் தள்ளும் விசையை மெல்ல இழக்கிறது. கிளாம்பின் இரு காதுகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்ட பிறகு திருகு எவ்வளவு இறுகினாலும் அந்த இறுக்கம் ரப்பரைச் சென்றடையாது. இதைக் கவனிக்காமல் திருகை மேலும் முறுக்குவதால் மரை அழிவதுதான் மிச்சம்.

கழற்றுவதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் தேங்கியதை வடித்துவிட வேண்டும். துருவேறிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பது நல்லது. ஜப்பானிய மோட்டார்களின் திருகுத் தலைகள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தொழில்தர அளவில் அமைந்தவையாதலால், அதற்குரிய திருப்புளி இல்லையென்றால் தலை எளிதில் சிதையும். சிதைந்துவிட்டால் இரும்பறுக்கும் சிறிய வாளால் பட்டையை அறுக்கலாம். அப்போது தீப்பொறி பறக்கும் கருவி எதுவும் கூடாது; கார்புரேட்டர் வெளிவந்ததும் அறுத்த தூள் எஞ்சின் வாய்க்குள் விழாதபடி துணியால் அடைக்க வேண்டும்.

புதிய கிளாம்பைக் கார்புரேட்டரின் அளவுக்கன்றி ரப்பரின் வெளிவிட்டத்துக்கே தேர்ந்தெடுக்க வேண்டும்; அகலம் ரப்பரிலுள்ள பள்ளத்தில் பொருந்த வேண்டும். பட்டையில் துளைகள் வெட்டப்பட்ட மலிவான வகை ரப்பரைக் கடிப்பதால், விளிம்பு மழுங்கிய துருப்பிடிக்கா எஃகையே நான் பரிந்துரைப்பேன். ரப்பரை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கார்புரேட்டரின் வாய் ரப்பருக்குள் முழுவதும் அமர்ந்த பிறகுதான் திருகை முடுக்கலாம்.

எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது இணைப்பின் மீது சோப்பு நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் விரிசலைச் சற்று அடைப்பதால் எஞ்சினின் ஒலி மாறினால், கசிவு இன்னும் உள்ளது என்று பொருள். ஒலி மாறாதபோது, கசிவை ஈடுகட்ட முன்பு திருப்பியிருந்த காற்றுத் திருகையும் ஐட்லிங் திருகையும், எஞ்சின் சூடேறியபின் மறுபடி சரிசெய்ய வேண்டும்.